ஓட்டுப் போட்டால் ஓட்டுப் போகுமா?

கேள்வி: மக்களுக்குப் பிடிக்காத மருத்துவ மசோதாவை ஆதரித்தால் பதவி போய்விடுமா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: போகலாம். அமெரிக்காவில் ஒபாமாவின் காப்பீட்டு மசோதா 2010 மார்ச் 21 அன்று 219-212 என்று மயிரிழையில் நிறைவேறியது. நவம்பரில் அவர் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டமும் அதில் பங்கு வகித்தது.

ராஜஸ்தானில் 2023, அதே மார்ச் 21. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்டு நோயாளியை நிறுத்தி வைக்கக் கூடாது என்ற சுகாதார உரிமை மசோதா நிறைவேறியது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். டிசம்பரில் ஆட்சி மாறியது. சுகாதார அமைச்சரும் தோற்றார். ஆனால், 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மாற்றுவது அந்த மாநிலத்தின் வழக்கம். பழி முழுவதையும் மசோதாவின் தலையில் கட்ட முடியாது.

நம் எம்.எல்.ஏ. கட்சி சொன்னபடி ஓட்டுப் போடுபவர்; தன் ஓட்டால் பதவி போய்விடும் என்ற தனிக்கவலை அவருக்குக் குறைவு. 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவிக்கு ஆபத்து.

மக்களுக்குப் பிடித்த திட்டமும் கரைசேர்க்காது! 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2011இல் தி.மு.க. தோற்றது. ஸ்ரீரங்கத்தில் வென்று முதல்வரான ஜெயலலிதா, 2012இல் வேறு பெயரில் காப்பீட்டைத் தொடர்ந்தார். குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழுமாக மருத்துவமனை வரிசையில் நிற்பவரிடமிருந்து அதைப் பறிக்க எந்தக் கட்சிக்கும் இன்று துணிவில்லை.