பேராண்டிக்குக் கெழவன் சொன்ன புத்திமதி

ஏலே பேராண்டி, பல்கலைக்கழகத்துல மருத்துவ ஆராய்ச்சி பண்ணப் போறியாமே? உங்க ஆத்தா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறா. சந்தோசம். என்னத்தக் கண்டுபிடிச்சாலும் வெல கூடுனதாப் பாத்துக் கண்டுபிடி. மலிவானதக் கண்டுபிடிச்சுத் தொலைச்சிராத. கல்கத்தாவுல திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டரு அந்த வேலையத்தான் பண்ணாரு.

அமெரிக்காவுல இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவுல ஆராய்ச்சிக்கூடம் நடத்துச்சு. அங்கதான் அவருக்கு வேல. 1971-ல வங்கதேசச் சண்டைக்குத் தப்பி ஓடியாந்த சனம் எல்லையில போன்காவ்ங்கிற ஊர்ல குமிஞ்சு கெடக்கு. காலரா வந்திருச்சு. ஆசுபத்திரித் தரையெல்லாம் வாந்தியும் பேதியும். மனுசன் அதுலயே மண்டிபோட்டு நரம்புல சலைன் ஏத்துறாரு. சலைனும் தீந்துகிட்டே வருது. நீயா இருந்தா மேலிடத்துக்கு ஒரு லெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்ப. அவரு குளுக்கோசு, சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூணையும் நிறுத்துப் பொட்டலம் கட்டவச்சாரு. ட்ரம்முல கரைச்சு வச்சா, கூட வந்த சொந்தக்காரங்களே பிடிச்சுக் குடுத்தாங்க. நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டிருந்த எடத்துல சாவு நாலுக்கும் கீழ எறங்கிருச்சு.

குருட்டாம்போக்குல நடந்துச்சுன்னு நெனைக்காத. காலரா வந்த குடலு வெறும் உப்புத் தண்ணிய உள்ள விடாது. மாப்பிள்ளையோட வர்ற தோழனாட்டம் உப்பு சக்கரையோட சேந்து வந்தா உள்ள விட்டுரும், தண்ணியும் பின்னாலயே நுழைஞ்சிரும். டாக்காவுல டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் இந்தக் கரைசல 1968-லயே நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்து எழுதிட்டாங்க. பெரிய டாக்டருமாரு நம்பணுமே! குழாய்ல சொட்டுச் சொட்டா எறங்குனாத்தான் அவுகளுக்கு வைத்தியம், டம்ளர்ல குடிச்சா பானகம்.

1978-ல லான்செட் பத்திரிகை, இந்த நூற்றாண்டோட பெரிய மருத்துவ முன்னேற்றமே இந்த உப்பு-சக்கரை சங்கதியா இருக்கலாம்னு எழுதுச்சு. வங்கதேசத்துல பிராக் அமைப்புப் பொம்பளைக வீடு வீடாப் போயி, இம்புட்டு வெல்லம், இம்புட்டு உப்புன்னு தாய்மாருக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவ ஆராய்ச்சி முடிவ அடுப்பங்கரையில கலக்குறா, உன் பட்டத்துக்கு என்ன மருவாதி? மகலனாபிசு கண்ண மூடுனது 2022-ல. நம்ம சர்க்காரு பத்ம விபூசண் குடுத்தது 2023-ல. அவசரப்படாத சர்க்காரு.

காசு பாத்தவன் யாருன்னா, சக்கரை சாஸ்தியா இருக்கிற ஜூஸ அட்டைப்பெட்டியில அடைச்சு, ஓ.ஆர்.எஸ்.னு இந்தக் கரைசலோட பேரையே போட்டு வித்தவன். அவன்ட்டப் போயி பாடம் படி.

சரி, கெளம்பு முன்னாடி மருந்துக்கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. உங்க அப்பனுக்கு நேத்து ராத்திரியில இருந்து வயித்தால போகுது. அட்டைப்பெட்டி வேண்டாம், பொட்டலமா வாங்கு. வெலயக் கேட்டுட்டு, படிப்ப நெனச்சு அங்கயே அழுதுறாத.