தயிர்சாதம் கட்சி மாறிய கதை

உங்கள் ஊர்க் கபடி டீமிலும் ‘தயிர்சாதம்’ என்று ஒருவன் இருந்திருப்பான். வீட்டில் கவுச்சி புழங்காத பையன்; மூச்சுப் பிடித்துப் பாடிப் போனால் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான்; ஆனாலும் ஒரு தடவை கால் மாட்டி அமுக்கப்பட்டால் போதும், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அதற்குக் காரணம் அவன் வீட்டுத் தயிர்ச்சட்டிதான் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில், பொள்ளாச்சிப் பக்கத்தில், எங்களுக்கும் ஒரு தயிர்சாதம் இருந்தான். கறி தின்கிறவன்தான் ஆம்பளை என்று அவனிடம் முழங்கிய நாங்கள் கறியைக் கண்ணால் பார்ப்பது நோன்பி நாளிலும் விருந்தாளி வந்த ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டுமே என்பதும், மிச்ச நாளெல்லாம் அவன் வீட்டைப் போலவே எங்கள் வீடுகளிலும் கம்மஞ்சோறும் ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் அரிசிம்பருப்புச் சாதமும்தான் என்பதும் எங்களில் ஒருவனுக்கும் உறைத்ததில்லை.

அதில் ஓங்கி முழங்கியவன் நான். கிடாவெட்டுக்கு மறுநாள் காலையில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் நாள் ராத்திரி தின்ற நாலு துண்டு புஜத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று கண்ணாடியில் கையை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். “முடி வெட்ட வந்தயா கண்ணு, கையை அளக்க வந்தயா?” என்பார் கடைக்காரர். அந்தக் கையின் சுற்றளவு ஏறாததற்கு ஆட்டின் வயதைக் காரணம் சொல்லிக்கொண்ட அந்தப் பையனை இன்று எங்காவது பார்த்தால் கட்டிப் பிடித்துக்கொள்வேன். புத்தி சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்கிற ரகமில்லை.

எங்கள் பி.டி. வாத்தியாருக்கு இந்தத் தகராறில் எல்லாம் சிரத்தை கிடையாது. கறி வாங்கிப் போட அவருக்கு வசதியில்லை. முதல் நாள் ராத்திரியே ஓர் அலுமினியப் போசியில் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் ஆளுக்கு ஒரு பிடியும் ஓர் அச்சுவெல்லமும் தருவார். மாட்ச் நெருங்கினால் வேகவைத்த கொள்ளும் உண்டு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று எங்கள் ஆத்தாமார்கள் எதிர்த்து வாதாடினால், “குதிரைக்கு எவன் கறி போட்டான்? அது ஓடலையா?” என்பார். பல்லில் ஒட்டிக்கொண்ட கடலைத் தோலை நாக்கால் துழாவிக்கொண்டே வெல்லத்தைக் கடைசிவரை கரைய விடாமல் வைத்திருப்பதில் எங்களுக்குள் போட்டி. சத்தெல்லாம் தண்ணியில் இறங்கியிருக்கும் என்று ஒருவன் கிளப்பிவிட, அடியில் மிஞ்சிய ஊறல் தண்ணிக்கும் அடிதடி. இப்போது கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை அடித்து நுரையாக்கி, முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பதிலாகக் கேக்கில் சேர்க்கிறார்களாம். அந்த விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டோம்.

இன்றைக்குக் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் விடிகாலையில் ஓடிவிட்டு நின்று வாதாடுகிற பிள்ளைகளைப் பாருங்கள். வங்கியிலும் மென்பொருள் கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள். வழக்கு என்னவோ எங்களுடையதேதான், கறி தின்னாமல் உடம்பில் வலு நிற்குமா என்பது. சாட்சிகள்தான் வேறு. 1991-இல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த கார்ல் லூயிஸ் அப்போது முழுத் தாவர உணவுக்காரர் என்று ஒருத்தி சொன்னால், “அவரு ஓடினது பத்து செகண்டு, நீ ஓடறது அஞ்சு மணி நேரம்” என்று ஒருவன் மடக்குவான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நீச்சலில் மூன்று தங்கம் வென்ற முர்ரே ரோஸ் சைவம் என்பதே எனக்கு இவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தச் சேதி மட்டும் எங்கள் ஊர்வரைக்கும் நீந்தி வந்திருந்தால் தயிர்சாதத்தின் மானம் தப்பியிருக்கும்.

அவனுக்கு இந்தக் காலத்திலும் கதி மோட்சமில்லை என்பதுதான் வேடிக்கை. தாவர உணவுக் கட்சியில் சேரலாம் என்று அவன் இன்று வந்து நின்றால், தயிர் மாட்டிலிருந்து வந்தது என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குக் கறிக்கட்சி அவனை விரட்டியது; இன்றைக்கு இலைக்கட்சி விரட்டுகிறது. இத்தனைக்கும் செடிகொடியில் நம்பும்படி கிடைக்காத பி12 அவன் தயிரில் இருந்தது. அதை விட்டவர்கள் மாத்திரையாக விழுங்கத்தான் வேண்டும் என்பதில் இரு கட்சிக்கும் சண்டையில்லை.

கணக்கும் பலமாக இருக்கிறது. சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்கிறார்கள் விளையாட்டு உணவியல்காரர்கள். அறுபது கிலோ ஆள் என்றால் 72-இலிருந்து 120 கிராம். காய்ந்த கொள்ளு நூறு கிராமில் 22 கிராம், நிலக்கடலையில் 25. வாத்தியாரின் ஒரு பிடியை இந்தத் தராசில் போட்டால் முள் சற்றே அசைந்திருக்கும், அவ்வளவுதான். அரிசியில் குறைவதைப் பருப்பு நிரப்பும் என்ற சங்கதியை 1971-இல் ஃபிரான்சஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க அம்மையார் புத்தகம் போட்டுப் பரப்பி, பத்து வருஷம் கழித்து, ஒவ்வொரு வேளையும் அப்படிச் சேர்த்தே தின்ன வேண்டியதில்லை என்று தாமே திருத்திக்கொண்டாராம். அரிசிம்பருப்புச் சாதத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த எங்கள் ஆத்தா இரண்டு பதிப்பையும் வாசிக்கவில்லை.

அதற்காக அந்தக் காலமே தேவலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டத்துக்கு நடுவில் எங்களில் எத்தனையோ பேருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். திருஷ்டி பட்டுவிட்டது என்று வீட்டில் மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவார்கள். கமறல் வந்ததே தவிர ரத்தத்தில் இரும்பு ஏறவில்லை. இன்றைக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் சேதி தெரிந்துவிடுகிறது; கீரையோடு எலுமிச்சை பிழிந்து சாப்பிடு, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, அது இரும்பை உடம்பில் சேரவிடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மாட்ச் ஜெயித்த சாயங்காலம், பேக்கரி வாசலில், முழங்கைச் சிராய்ப்பு எரிய எரிய, தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றபோது அந்த ஆனந்தம் மட்டும் எந்த இரும்பையும் தடுக்கவில்லை.

“ஏனுங்க அங்கிள், அப்பெல்லாம் புரோட்டீனுக்கு என்ன பண்ணுனீங்க?” என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பசிக்கு என்ன பண்ணினோம் என்று கேட்டால் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு ஒரே ஒரு வரம் கேட்பேன்: அடுத்த பிறவியிலும் வேலை முடிந்து விளையாடப் போகிற சாதாரண ஆட்டக்காரனாகவே பிறக்க வேண்டும், ரத்தப் பரிசோதனைச் சீட்டு இந்தப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும், பசி எங்களுடையதாக இருக்கட்டும், பந்தியில் பக்கத்து இலை தயிர்சாதத்துடையதாக இருக்கட்டும். அவன் தயிரைக் கேட்டு வாங்கிக்கொள்கிற அறிவு எனக்கு அந்தப் பிறவியிலாவது வந்துவிடும்.