போற்றுதற்குரிய பொறுமை

நம் நாட்டுச் சுகாதாரத் திட்டங்களை வகுப்போரை யாரும் மனம்திறந்து பாராட்டுவதில்லை. அந்தக் குறையை இன்று நான் தீர்த்துவைக்கிறேன்.

முதலில் அவர்களுடைய கொடைத்தன்மை. கருப்பை வாய்ப் புற்றுநோயை எப்படித் தடுப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் கிராமத்துப் பெண்கள். மகாராஷ்டிரத்தில், அன்று உஸ்மானாபாத் என்றிருந்த மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய ஆய்வில் 1,31,746 பெண்கள் சேர்ந்தார்கள். இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனைக்கு ஒரே ஒரு முறை அழைக்கப்பட்ட பிரிவில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 34 பேர். ஏறக்குறைய அதே அளவுள்ள, பரிசோதனைக்கு அழைக்கப்படாத பிரிவில் 64 பேர். முடிவு 2009இல் வெளியானது. உலகம் அதைப் படித்துத் தன் திட்டங்களைத் திருத்திக்கொண்டது. நாமோ 2016இல் வகுத்த தேசிய வழிமுறையில்கூட அந்தப் பரிசோதனையை நமக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஒரு பிடி மிச்சம் வைக்காதவரை வள்ளல் என்றுதானே சொல்வோம்?

அடுத்து, தமிழ்நாட்டின் முதலிடம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது ஏதேனும் ஒரு வகையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டிலேயே நாம்தான் முன்னால் நிற்கிறோம். நமக்குப் பின்னால், பரிசோதனையே காணாமல், நூற்றுக்குத் தொண்ணூறு தமிழ்ப் பெண்கள் நிற்கிறார்கள்.

பெண்ணின் கூச்சத்துக்கு நாம் காட்டும் மரியாதையும் சிறியதல்ல. இப்போதுள்ள முறைப்படி அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். அன்றைய கூலி போகும். திரைக்குப் பின்னே மேசையில் காலை மடக்கிப் படுக்க வேண்டும். உள்ளே கருவி வைத்து, அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து நர்சம்மா பார்ப்பார். திரைக்கு இந்தப் பக்கம் சொந்த ஊர்க்காரர்கள் மாத்திரைக்கு வரிசையில் நிற்பார்கள். “எனக்கு ஒண்ணுமில்லக்கா, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று அவள் சொல்லிவிடுகிறாள். நாமும் வற்புறுத்துவதில்லை. அவள் சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது!

இந்தக் கூச்சத்துக்கு மாற்று இருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியைவிடச் சற்று நீளமான, மென்மையான பிரஷ். கதவைச் சாத்திக்கொண்டு அவளே பிறப்புறுப்புக்குள் செலுத்திச் சில சுற்றுச் சுற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்துவிடலாம். அதில் எச்.பி.வி. இருக்கிறதா என்று பி.சி.ஆர். முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய ஈடான முடிவையே இதுவும் தரும். அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாகாணத்தில் சுகாதாரப் பணியாளர்கள் இதை வீட்டுக்கே கொண்டுபோனபோது ஆறு மாதத்துக்குள் 86 சதவீதம் பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்கள். மருத்துவமனைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில் 20 சதவீதம்தான். ஆஸ்திரேலியா 2022 ஜூலையிலிருந்து பரிசோதனைக்குரிய எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைத் தந்துவிட்டது. அவர்களெல்லாம் அவசரக்காரர்கள். நாம் நிதானமானவர்கள்: ஒரு முன்னோட்டம், அது நன்றாக நடந்தால் இன்னொரு முன்னோட்டம். தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பொறுமையில் அந்த வைரஸுக்கே நாம் சளைத்தவர்கள் இல்லை.

சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். கொரோனா வந்தபோது சில மாதங்களில் நாடெங்கும் பி.சி.ஆர். ஆய்வகங்களைப் பெருக்கிக் காட்டினோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுபோகிறது. ஆய்வகம் இருக்கிறது, வாசலுக்குப் போகும் ஆளும் இருக்கிறார். அவர் பையில் ஒரு பிரஷ் கூடினால் பாரமாகிவிடும் என்று காக்கும் கருணை யாருக்கு வரும்?

இத்தனை சிறப்புகளுக்கு நடுவே, 2022இல் மட்டும் இந்தியாவில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய சாவுகள். பொறுமையின் பெருமை நம்முடையது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

எனக்கு இன்னும் புகழ ஆசை. அதற்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு ஊர் நர்சம்மாவின் கையிலும் பிரஷ்ஷைக் கொடுங்கள். முடிவை அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும்படி சொல்லுங்கள். வைரஸ் இருந்தால் அவளைத் தேடிப்போய் அழைத்துவந்து, புற்றாகும் முன்பே பாதித்த திசுவைச் சுட்டு நீக்குங்கள். அதைச் செய்யாமல் பிரஷ்ஷை மட்டும் கொடுப்பது அவளுக்குப் பயத்தை மட்டும் கொடுப்பதாகும். இவற்றைச் செய்துவிட்டால், உட்பொருள் எதுவும் இல்லாமல் உங்களை நான் புகழ்வேன்.