நம்ம துணி, உங்க பையர்

மெர்ச்சண்டைசர் என்பவர் திருப்பூரில் நூல் ஓட்டாதவர், சாயம் போடாதவர், தைக்காதவர். ஆனால் இந்த மூன்றில் எது தாமதமானாலும் திட்டு வாங்குபவர். அவிநாசி ரோடு, பி.என். ரோடு, காங்கயம் ரோடு, ஈட்டிவீரம்பாளையம் நேதாஜி ஆடைப் பூங்கா என ஏற்றுமதி கம்பெனி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த இனத்தைக் காணலாம். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மேஜை மேல் ஒரு இன்ச் டேப், ஷேட் கார்டு, வட்டமாக வெட்டிய துணித் துண்டுகள், பாதி குடித்த டீ. போன் இரண்டு: ஒன்றில் டையிங் மாஸ்டர், மற்றதில் பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர். இத்தாலிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். பையர் ஆபீஸுக்கு வந்து முதல் மெயில் போடும்போது இங்கே சாப்பாட்டு நேரம். அவர் கடைசி மெயிலை அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது இங்கே கடைசி பஸ் போயிருக்கும்.

உள்நாட்டுக்கு பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு இத்தாலியிலிருந்து ஏற்றுமதி ஆர்டர் வந்தது 1978 வாக்கில். வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் மூலம் அதைக் கொண்டுவந்தார். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்படும்போது ஊர் நேரடி ஏற்றுமதியில் இறங்கியிருந்தது. சரக்கு போனால் கடிதமும் போக வேண்டும், கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். இதில் ஒரு நன்மை இருந்தது: இத்தாலிக்காரருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, வெள்ளகோவில்காரருக்கும் இல்லை. பின்னால் வந்த ஜெர்மானியர், ஸ்பானியர், டச்சுக்காரர் கதையும் அதேதான். திருத்துவதற்கு யாரும் இல்லாத இடத்தில் ஒரு மொழி எவ்வளவு சுதந்திரமாக வளரும் என்பதற்கு திருப்பூர் மெயில்கள் நல்ல சாட்சி.

ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் வினைகள் எவை என்று சொல்தொகுப்புகளை எண்ணிப் பார்த்தால் பீ, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, டேக் என்று சின்னச் சின்னச் சொற்களே முன்னால் வந்து நிற்கும். இவற்றுக்குச் சொந்தப் பொருள் குறைவு. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் சுமையைத் தூக்கும். இந்திய ஆங்கிலத்துக்கென்று கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு தொகுப்பு செய்தார்கள். எடுத்துக்கொண்டது 1978இல் இந்தியாவில் அச்சான எழுத்து, சுமார் 10 லட்சம் சொற்கள். திருப்பூர் இத்தாலிக்கு எழுத ஆரம்பித்த காலமும் அதுதான். அச்சேறியதை மட்டும் எடுத்ததால் டெலக்ஸும் கடிதமும் அதில் இல்லை. ஆராய்ச்சிக்கு அது பெரிய நஷ்டம்.

மெர்ச்சண்டைசருக்கு இந்தச் சின்ன வினைகள் புதிதல்ல. தமிழிலேயே அவர் ஆர்டர் எடுக்கிறார், சாம்பிள் அடிக்கிறார், மெயில் போடுகிறார், அப்ரூவல் வாங்குகிறார். மீதி எல்லாவற்றையும் ‘பண்ணு’கிறார். கன்ஃபார்ம் பண்ணு, ஃபாலோ அப் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. இந்தப் பண்ணுவுக்கு ஒரு தம்பி உண்டு: ‘ஆகு’. அண்ணனுக்கும் தம்பிக்கும் வேலைப் பிரிவினை மிகக் கண்டிப்பானது. நல்லது நடந்தால் பண்ணு: “ஷிப்மென்ட் பண்ணிட்டேன்.” கெட்டது நடந்தால் ஆகு: “டிலே ஆயிருச்சு.” சரக்கைக் கிளப்ப ஓர் ஆள் இருந்தார், தாமதத்துக்கு மட்டும் ஆளே இல்லை, அதுவாகவே ஆனது. ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இந்தப் பிரிவினை கலையாது. “வி ஹேவ் ஷிப்டு” என்பதில் ‘வி’ நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். “ஃபேப்ரிக் காட் டிலேய்டு” என்பதில் ஒருவரும் இல்லை. ‘கெட்’ என்ற வினையை ஆங்கிலேயர் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறார்கள். திருப்பூர் அதற்கு ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறது: குற்றவாளியை வாக்கியத்துக்கு வெளியே அனுப்புவது.

பழி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் டையிங். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட வேண்டியிருந்தது. டையிங் தாமதம் என்று எழுதிய மெயில்கள் அத்தனையும் வரிக்கு வரி உண்மையாக இருந்த அபூர்வமான காலம் அது.

காலம் காட்டும் வினைகளுக்கு வருவோம். பள்ளி இலக்கணத்தில் நிகழ்காலத் தொடர்வினை என்பது நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும். திருப்பூரில் அது இன்னும் தொடங்காத செயலைக் குறிக்கும். “ஸ்டிச்சிங் இஸ் கோயிங் ஆன்” என்றால் தைக்க வேண்டிய துணி இன்னும் காம்பாக்டிங்கில்தான் இருக்கிறது. “வி ஆர் சென்டிங் டுடே” என்றால் நாளை மறுநாள். “அண்டர் ப்ராசஸ்” என்றால் எங்கே இருக்கிறது என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும். ‘வில்’ இதைவிடத் தொலைவானது. அதோடு ‘டெஃபினட்லி’ சேர்ந்தால் அனுபவமுள்ள பையர் விமானச் சரக்குக் கட்டணத்தை விசாரிக்க ஆரம்பிப்பார். இறந்தகாலம் மட்டும்தான் நம்பத்தக்கது, அதுவும் கூரியர் நம்பர் கூட வந்தால்.

‘ஹேவ்’ என்ற வினையோடு மெர்ச்சண்டைசருக்கு உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. தமிழில் அதற்கு நேர் வினை கிடையாது. பொருள் நம்மிடம் இருக்கும், காய்ச்சல் நமக்கு இருக்கும்; எதையும் நாம் ‘ஹேவ்’ செய்வதில்லை. ஆகவே துணி வந்துவிட்டதா என்று கேட்டால் “ஃபேப்ரிக் இஸ் தேர்” என்று பதில் போகும். எங்கே என்று பையர் திரும்பக் கேட்பார். வேறு வழியில்லாமல் ஹேவ் போட வேண்டி வந்தால் அதைத் தொடர்வினையாக்கி, “வி ஆர் ஹேவிங் ஃபிஃப்டி மெஷின்ஸ்” என்பார். உடைமையைச் சொல்லும்போது இந்த வினைக்கு ‘இங்’ சேராது என்று இலக்கணப் புத்தகங்கள் சிவப்பு மை போடும். ஆனால் அந்த 50 மெஷினில் பாதி வங்கிக் கடனில் நிற்கிறது. தற்போதைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே சரியான கணக்கு. இந்த இடத்தில் மெர்ச்சண்டைசர் பக்கம்தான் நியாயம்.

“கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்” பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் கோப்புகளிலிருந்து வந்தது. அவர்கள் ஊரில் அருகிவிட்டது, இங்கே செழிக்கிறது. செய்ய வேண்டியது என்னவென்று எழுதியவருக்குத் தெரியாதபோது இதுபோல் கைகொடுக்கும் வாக்கியம் வேறில்லை. ‘கைண்ட்லி’யும் ‘சாரு’ம் கொங்குப் பேச்சின் ‘ங்க’வுக்குப் பதிலாள்கள். ஒவ்வொரு வரியிலும் ‘ங்க’ போட்டுப் பழகிய வாய்க்கு, மொட்டையாக “செண்ட் தி ஒர்க்ஷீட்” என்று எழுதக் கை வராது.

உண்மையான வித்தை உடைமைச் சொற்களில் இருக்கிறது. ஒரு பையர் முதலில் ‘என் பையர்’ ஆக இருப்பார். சாம்பிள் அப்ரூவல் வந்த நாளில் மெர்ச்சண்டைசர் அப்படித்தான் சொல்வார், அவ்வளவு செல்லமாக. ஆர்டர் உறுதியானதும் முதலாளி வாயில் அவர் ‘நம்ம பையர்’. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் அளவு தவறி சரக்கு ஃபெயில் ஆன மாலையில் புரொடக்ஷன் மேனேஜர் வருவார்.

“ஏனுங்க, உங்க பையர் அரை சென்டிமீட்டருக்கெல்லாம் ஃபெயில் போடறாருங்களா?”

“உங்க கட்டிங்தானுங்க அரை சென்டிமீட்டர் போயிருக்குது.”

பையரும் உங்களுடையவர், கட்டிங்கும் உங்களுடையது. அந்த மாலையில் கம்பெனியில் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை.

தமிழில் ‘நம்ம’ என்றால் கேட்பவரும் சேர்ந்தவர். ‘எங்க’ என்றால் அவர் சேராதவர். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே: ‘அவர்’. அதாவது மூன்றாம் மனிதரைச் சுட்டும் தமிழ் ‘அவர்’ அல்ல, ஆங்கில ‘அவர்’. பேச்சில் இந்தக் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். “அவர் ஃபேப்ரிக் இஸ் ஷார்ட்” என்று எழுதும் மெர்ச்சண்டைசர் மனதில் இருப்பது ‘நம்ம துணி’: நீங்களும் நாங்களும் ஒரே குடும்பம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கிற ஸ்பானியருக்கு அது ‘எங்கள் துணி’: ஆக, உங்கள் தப்பு. இவர் உறவு கொண்டாடியதற்கு அவர் பணத்தைக் கழிக்கும் டெபிட் நோட் அனுப்புவார். பங்காளியாகச் சேர்க்கப்பட்டது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

உடைமை உருபு உடையவரைத் தொலைத்துவிட்டுத் தனியாக வாழ்வதும் உண்டு. ‘மென்ஸ் வேர்’ என்பதில் வேர் எப்போதோ கழன்றுவிட்டது. “மென்ஸ் ஓடிட்டிருக்குது, கிட்ஸ் நிக்குது” என்றால் பவர் டேபிளில் ஆண்கள் ஆடை தைக்கப்படுகிறது, குழந்தைகள் ஆடைக்கு நூலோ பட்டனோ வரவில்லை. காதர்பேட்டை மொத்தக் கடைகளிலும் இதே நடை: “மென்ஸ்ல எக்ஸெல் தீந்துருச்சுங்க.” கேட்பவர் யாரும் பதறுவதில்லை.

துணிக்கு உண்மையில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு சர்வதேச வணிகத்தில் தெளிவான பதில் இருக்கிறது. திருப்பூரில் பெரிதும் வழங்கும் எஃப்.ஓ.பி. முறையில், ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலுக்குள் ஏற்றப்படும் வரை சேதாரப் பொறுப்பு விற்பவருக்கு. ஏற்றிய பின் வாங்கியவருக்கு. 2011க்கு முன் கப்பலின் கைப்பிடிச் சுவரைத் தாண்டும் கணமே எல்லை என்று இருந்தது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த இன்கோடெர்ம்ஸ் 2010 என்ற சர்வதேச வணிக விதிகள் அதை மாற்றின. மெர்ச்சண்டைசர் இந்த விதிகளைப் படித்திருக்க மாட்டார். ஆனால் தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறிய தகவல் வந்த நிமிடத்தில், இரண்டு மாதமாக ‘அவர் கூட்ஸ்’ என்று எழுதிய அதே கை ‘யுவர் கூட்ஸ்’ என்று எழுதும்.

பத்து வருடம் இப்படி எழுதிய மெர்ச்சண்டைசர்களில் சிலர் சொந்தமாக பையிங் ஆபீஸ் போடுகிறார்கள், சிலர் பத்து மெஷின் வாங்கி ஜாப் ஒர்க் எடுக்கிறார்கள். அதன்பின் அவர்கள் மெயில் எழுதுவதில்லை. அதற்கென்று ஒரு மெர்ச்சண்டைசரை வேலைக்கு வைத்து, ஏன் இன்னும் ரிவர்ட் பண்ணவில்லை என்று காலையும் மாலையும் கேட்கிறார்கள்.