எதிரியின் டாங்கியை இரவல் வாங்காமல் ரேடாரில் படம் எடுப்பது எப்படி?

ரேடாரில் தெரிவது டாங்கியா டிராக்டரா என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க, அந்த டாங்கியைச் சுற்றிச் சுற்றி ரேடாரால் எடுத்த படங்கள் வேண்டும். எதிரி நாட்டுக்குக் கடிதம் எழுதி ஒரு டி-72 டாங்கி கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை ஒரு பொம்மை செய்யலாம்.

பதினாறில் ஒரு பங்கு அளவு உத்தமம். அமெரிக்காவின் லோவெல் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்று ராணுவத்துக்காக இதைத்தான் செய்துவருகிறது. பொருளை எத்தனை மடங்கு சுருக்குகிறீர்களோ, அலையையும் அத்தனை மடங்கு சுருக்க வேண்டும். அலை சுருங்கினால் அலைவரிசை அத்தனை மடங்கு கூடும்: 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு 160 போதும். 97.5 கிகாஹெர்ட்ஸ் ரேடார் என்றால் 1.56 டெராஹெர்ட்ஸ், அதற்குக் கரியமில வாயு லேசரை வைத்து இன்னொரு வாயு லேசரை உசுப்ப வேண்டும். இந்தச் செலவுக்கு நிஜ டாங்கியே வாங்கலாமே என்பார் கணக்குப்பிள்ளை. அவரை அறைக்குள் விடாதீர்கள். மூச்சில் ஈரம் இருக்கிறது. நீராவி டெராஹெர்ட்ஸை விழுங்கிவிடும்.

டென்மார்க்காரர்கள் இன்னும் சிக்கனம். 2010இல் வெளியான அவர்களது ஆய்வில் எஃப்-16 விமானம் 150இல் ஒரு பங்குதான், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கடைப் பொம்மையை அப்படியே வைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போய்விடும் இந்த அலை. உலோகப் பூச்சு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பசை வழிந்திருந்தால் நிஜ டாங்கியில் அது 16 மில்லிமீட்டர் புடைப்பு. ரப்பர் பாகத்துக்கு ரப்பரையே போடுவது கற்றுக்குட்டி வேலை. அலைவரிசை மாறினால் ரப்பரின் குணமும் மாறும். ஆகவே 10 கிகாஹெர்ட்ஸில் ரப்பர் எப்படி நடந்துகொள்ளுமோ, 160இல் அப்படியே நடந்துகொள்ளும் போலி ரப்பரைக் கலந்து தயாரியுங்கள். மண்ணுக்கும் இதே கதிதான். பொம்மையின் எதிரொலியை 256ஆல் பெருக்க மறக்காதீர்கள். பரப்பு, 16இன் வர்க்கமாகத்தானே சுருங்கியிருக்கிறது.

படங்களை மென்பொருளிடம் கொடுக்கும்போது உஷார். 1990களில் அமெரிக்கர்கள் நிஜ வண்டிகளை வைத்து எம்ஸ்டார் என்ற படத்தொகுப்பை எடுத்தார்கள். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வோர் இடம். பின்னாளில் ஆய்வாளர்கள் வண்டியை விட்டுவிட்டுச் சுற்றியிருந்த வெறும் தரையை மட்டும் காட்டினார்கள். அப்போதும் மென்பொருள் பெருமளவு சரியாகவே வண்டியின் பெயரைச் சொன்னது! எனவே எல்லாப் பொம்மைகளையும் ஒரே போலி மண்ணில் நிறுத்துங்கள். வண்டியின் கோலம் மாறினாலும் மென்பொருள் ஏமாறக் கூடாதே: டி-72இன் பின்னால் எண்ணெய்ப் பீப்பாய் மாட்டி ஒரு முழுச் சுற்று எடுங்கள். கழற்றிவிட்டு ஒன்று. பீரங்கிக் கோபுரத்தைச் சற்றே திருப்பி இன்னொன்று. அப்புறம் மூடியைத் திறந்து வைத்து, மறுபடி முதலிலிருந்து.