கூடு பொறுக்கிகள்

போன வாரம் துப்பாக்கிக் கடையில் ஒரு பையன் என் ரைபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், பக்கத்துல ஒரு தோட்டா சிக்கியிருக்கு, எடுத்துத் தரட்டுமா?" என்றான். அதற்குள் கையில் குறடு வேறு.

ரெமிங்டன் மாடல் 14 வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ரத்தம் கொதித்திருக்கும். மற்றவர்கள் ஏன் இதைப் படிக்கிறீர்கள் என்று புரியவில்லை, வந்துவிட்டீர்கள், உட்காருங்கள். அது சிக்கிய தோட்டா இல்லை. எந்தத் தோட்டா போட வேண்டும் என்பது மறந்துபோகக் கூடாது என்று, தொழிற்சாலையிலேயே இடது பக்கம் பதித்து அனுப்பிய பித்தளை அடிப்பாகம். இரண்டு உலகப் போர்களைப் பார்த்துவிட்டு அசையாமல் இருந்த வஸ்து. அதைப் பிடுங்கக் குறடோடு வந்த முதல் மனிதன் இவன்.

நான் கேட்டது 30 ரெமிங்டன். அவன் எடுத்து வைத்தது 30-30. இல்லை என்றேன், 30-06 வந்தது. அதுவும் இல்லை என்றேன். 300 சாவேஜ் வந்தது. "எல்லாம் முப்பதுதானே சார்" என்றான். முப்பது முப்பது என்று கண்டதையும் உள்ளே தள்ளினால், நஷ்டம் மானுக்கு இல்லை, எனக்கு. கடைசியில் அவன் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை: "இதைக் குடுத்துட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே சார்."

பழைய பம்ப் ரைபிளை ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்கு அசைக்க முடியாத ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

1906-ல் ரெமிங்டன் கம்பெனி, ஜான் பிரவுனிங் வடிவமைத்த மாடல் 8 என்ற தானியங்கி ரைபிளுக்காக நான்கு தோட்டாக்களைக் கொண்டுவந்தது: 25, 30, 32, 35. முதல் மூன்றும், வின்செஸ்டர்காரர்கள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த தோட்டாக்களின் அடிவிளிம்பை எடுத்துவிட்ட மாதிரிதான். 30 ரெமிங்டன் சாதிப்பது எதையும் 30-30-யும் சாதிக்கும். இதை நானே சொல்லலாம். கடைப்பையன் சொல்லக் கூடாது.

1912-ல் ஜான் பெடர்சன் இதே தோட்டாக்களுக்கு மாடல் 14 என்ற பம்ப் ரைபிளைச் செய்தார். இதில் தோட்டாக்களைப் போட்டுவைக்கும் குழாய்க்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, பின்னால் இருப்பதன் கூர்முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் இடித்தால் கதை முடிந்தது. வேறு யாராயிருந்தாலும் முனை மழுங்கிய குண்டைப் போடு என்று சொல்லி வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெடர்சன் குழாயையே திருகு சுருளாக முறுக்கி, ஒவ்வொரு தோட்டாவும் சற்றே சாய்ந்து நிற்கும்படி செய்துவிட்டார். எளிமை என்ற குற்றத்தை அவர்மேல் யாரும் சுமத்த முடியாது. மாடல் 14-ஐ ஒரு தடவை முழுக்கப் பிரித்தவர்கள் மறு தடவை பிரிப்பதில்லை. பிற்பாடு ராணுவத்துக்கு அவர் கொடுத்த ரைபிள், 1932-ல் கேரண்ட் என்பவரின் ரைபிளிடம் தோற்றது. எனக்கு இன்னும் அதில் உடன்பாடில்லை.

நான் இருக்கும் பென்சில்வேனியாவில் தானியங்கி ரைபிளால் மான் சுட நெடுங்காலமாகத் தடை. ஆகவே இங்கே பம்புக்கு ஒரு தனி மரியாதை. முன்பிடியை இழுத்துத் தள்ளினால் போதும், தோளிலிருந்து இறக்காமலே அடுத்த வேட்டுக்குத் தயாராகிவிடலாம். அங்கேதான் வினை.

கூடு. சுட்ட பின் வெளியே வந்து விழும் அந்தப் பித்தளைக் கூடு. 30-06 காரன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நமக்கு அது சொத்து. பிரைமரை மாற்றி, மருந்தைக் கொட்டி, புதுக் குண்டைச் செருகி, மறுபடி மறுபடி சுட வேண்டிய சொத்து. எப்போதாவது யாராவது சிறிய அளவில் புதுக் கூடு செய்து விற்பார்கள்; நம் காதுக்குச் செய்தி வருவதற்குள் தீர்ந்திருக்கும். 30-30 கூட்டின் விளிம்பைக் கடைசலில் சீவி 30 ரெமிங்டனாக மாற்றும் மகான்களும் உண்டு. நான் மகான் இல்லை. எனக்கு விழுந்த கூடு வேண்டும்.

போல்ட் ரைபிள்காரன் விரலால் மெல்லத் திறந்து, கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். பம்ப்காரனும் மெல்லத்தான் இழுக்கலாம், கொள்கை அளவில். ஆனால் வேட்டு வெடித்த மறுகணம் கை மூளையைக் கேட்பதில்லை. சடக்கென்று இழுக்கிறது. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு தூரம் பறக்கிறது. வலப்பக்கம் என்பது மட்டும் நிச்சயம். வலப்பக்கத்தில்தான் மொத்தக் காடும் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஓக் மரமும் பீச் மரமும் தரையில் கொட்டிவைத்திருக்கும் இலைகள் என்ன நிறம் தெரியுமா? பழைய பித்தளை நிறம். பனி பெய்திருந்தால் தெரியுமே என்பீர்கள். சுட்ட கூடு சூடாக இருக்கும். பனியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், மேலே ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருக்கும். அந்தக் காட்டில் அணில் போட்ட ஓட்டைகள் ஏராளம். காந்தம்? பித்தளையைத் தொடாது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவி? பீர் பாட்டில் மூடி, யாரோ அந்தக் காலத்தில் கட்டிய வேலிக் கம்பி, அப்புறம் 30-06 கூடு, 308 கூடு, 270 கூடு. ஊரான் கூடெல்லாம் கிடைக்கும். ரைபிளுக்குப் பக்கத்தில் வலைப்பை மாட்டினால் இழுக்கும்போது அதுவே சிக்கும். மரத்தடியில் தார்ப்பாய் விரித்தால், அது காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் ஒரு மானும் அந்தப் பக்கம் வராது.

எனவே தவழ வேண்டும். கல்யாண மண்டபத்தில் மூக்குத்தித் திருகாணி தொலைந்தால் மொத்தக் குடும்பமும் தரையில் தவழுமே, அப்படி. இங்கே குடும்பம் கூட வராது, அவ்வளவுதான். இந்த மாநிலச் சட்டப்படி தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் வேட்டைக்காரன்மேல் பளிச்சிட வேண்டும். ஆரஞ்சு உடையில் ஒரு மனிதன் முழங்காலிட்டு இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தால் எதிர் மேட்டிலிருந்து எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார், மாரடைப்போ என்று. விஷயத்தைச் சொன்னேன். தன் பையிலிருந்து ஒரு கை நிறைய 30-06 கூடுகளை அள்ளி, "இந்தாங்க, வச்சுக்குங்க" என்றார். என்ன ஒரு தாராளம்! எரிச்சலாக வந்தது.

சுட்ட மானைக் கவனிக்காமல் கூட்டைத் தேடுவதா என்று கேட்பவர்களுக்கு: அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது, அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது வேட்டையின் பாலபாடம். போல்ட்காரர்கள் அந்த அரைமணியில் பிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடிக்கிறார்கள். அது ஏன் எனக்காகவே ஏற்பட்ட விதி என்று என் மனைவிக்கு விளக்கினேன். "ஏங்க, மான் தவறினாக்கூட இவ்வளவு வருத்தப்பட மாட்டீங்களே!" என்றாள். உண்மை. தவறிய வேட்டுக்கும் கூடு உண்டு.

நான் சொல்ல வந்த காரணம் வேறு. அதற்குமுன் இந்தச் சேகரிப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய துப்பாக்கிச் சந்தையில் அபூர்வமாக ஒரு முழுப் பெட்டி 30 ரெமிங்டன் வரும். அதை வாங்குபவரிடம் அந்தத் தோட்டாவைச் சுட ரைபிளே இருக்காது. அவருக்கு வேண்டியது அட்டை. ஓரம் மடங்காத, நிறம் மங்காத அட்டைப் பெட்டி. அதைத் திறந்தால் விலை போய்விடுமாம்! அந்த அட்டைக்குள் இருப்பதைத் தேடி ஒருவன் முழங்கால் தேய அலைகிறான் என்று சொன்னால், பெட்டியை என் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்கச் சிறப்புப் படையினருக்காக இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான 6.8 தோட்டா எதிலிருந்து வந்தது? 30 ரெமிங்டன் கூட்டிலிருந்து. அதைச் சுருக்கி 2018-ல் 224 வல்கிரி என்று ஒன்று வந்தது. வாரிசுகள் இரண்டும் நமக்கு உதவாது, நீளம் போதாது. அந்தக் கடையில் இரண்டும் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருந்தன. மூதாதையரைக் கேட்டால் குறடைத் தூக்குகிறான்.

ஆனால் இவர்கள் எல்லோரையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர்கள் 35 ரெமிங்டன்காரர்கள். அதே மாடல் 14, அதே சுருள் குழாய், அதே பித்தளைப் பதக்கம். கூடப் பிறந்த நான்கில் அது ஒன்றுதான் பிழைத்தது. இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். அப்படியும் கூடிய இடமெல்லாம் "இந்த வருஷம் 35 சரியா கிடைக்கலை, விலை வேற ஏறிப்போச்சு" என்று புலம்புகிறார்கள். விலை என்று ஒன்று இருப்பதே எப்பேர்ப்பட்ட பாக்கியம்! அவர்களோடு நான் பேசுவதில்லை. சுட்ட கூட்டை அவர்கள் பொறுக்குவதுமில்லை.