காதில் தொடங்கிய கோவில்

தூத்துக்குடியில் பனி பெய்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. வானிலை ஆய்வு மையமும் சொல்லவில்லை. அந்த ஊரில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு ஒன்றுதான். ஆனாலும் ஊருக்குத் தாய் பனிமய மாதா. ரோமாபுரியில் நாலாம் நூற்றாண்டில், ஒரு ஆகஸ்ட் மாதத்து உச்சக் கோடையில், குன்றின்மேல் பனி விழுந்து, மாதா தனக்குக் கோவில் கட்ட இடம் காட்டினாள் என்பது கதை. ரோமில் ஆகஸ்டில் பெய்தால்தான் அதிசயம். தூத்துக்குடியில் எந்த மாதம் பெய்தாலும் அதிசயம்தான். அந்த நம்பிக்கையில் வருஷா வருஷம் ஜூலை 26-இல் கொடியேற்றி, ஆகஸ்ட் 5 வரை வேர்வையில் குளித்தபடி திருவிழா நடத்துகிறார்கள்.

இவ்வளவுக்கும் ஆரம்பம் ஒரு காது.

1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், யார் கை ஓங்குவது என்று நெடுநாளாகப் புகைச்சல். கடைசியில் பற்றவைத்தது முத்து இல்லை, பணியாரம். பணியாரம் விற்கப் போன பரதவப் பெண்ணிடம் ஒருவன் வம்பு செய்தான், தட்டிக் கேட்கப் போன புருஷனின் காதைக் கம்மலோடு அறுத்தான் என்று கரையோரம் சொல்வார்கள். அறுந்தது ஒரு காது. அதற்குப் பிறகு விழுந்த தலைகளை யாரும் எண்ணவில்லை. எதிர்த்தரப்பும் தன் வீட்டில் இதே கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்திருக்கும். அறுந்த காதின் பக்கம் எழுதிவைக்க ஆள் கிடைத்ததால் நமக்கு இது கிடைத்தது.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஒரு குதிரை வியாபாரி. ஜோவாம் த குருஸ் என்ற பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், கோழிக்கோட்டு ஆள். லிஸ்பனுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று, ராஜா கையால் பட்டமும் வாங்கி வந்தவர். அவர் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் சொன்ன யோசனை சுருக்கமானது: கொச்சிக்குப் போங்கள், போர்த்துக்கீசியரைப் பாருங்கள், வேதத்தில் சேருகிறோம் என்று சொல்லுங்கள், கப்பற்படை தானாக வரும். போனார்கள். சொன்னார்கள். வந்தது. 1538-இல் வேதாளையில் போர்த்துக்கீசியப் படை ஜெயித்தது. சலாபம் யார் கைக்குப் போனது என்று கேட்காதீர்கள்; காவலுக்கு வந்தவர்கள் கூலி வாங்காமல் போவார்களா?

ஞானஸ்நானம் 1535 முதல் 1537 வரை நடந்தது. பெற்றவர்கள் 20,000 பேர் என்பார்கள். குளிப்பாட்ட வந்த சாமியார்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஆளுக்கொரு பெயர் யோசிக்க நேரம் ஏது? ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். காலையில் மாடனாகவோ முருகனாகவோ வரிசையில் நின்றவர் உச்சிவெயிலுக்குள் பர்னாந்து ஆகி வீடு திரும்பினார். பக்கத்து வீட்டுக்காரர் மோத்தா, எதிர் வீட்டுக்காரர் கோமஸ், மச்சான் மிராண்டா. இன்றைக்கும் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ‘பர்னாந்து’ என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும்.

குளிப்பாட்டியவர்கள் கிளம்பிப் போனார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க ஒருவரும் தங்கவில்லை. 1542-இல் சேசுசபைச் சாமியார் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கி விசாரித்தால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மனுஷன் தளரவில்லை. தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்த நாலு பேரை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழாக்கினார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் போய் அப்பன் ஆத்தாளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-இல் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் தன் உதவியாளருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு உத்தரவு: சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பவருக்கு ஒரு பணம் (அந்நாள் காசு) வெகுமதி, குடித்தவளுக்கு மூன்று நாள் காவல். புனிதரின் கவலையில் மோட்சம் பாதி, சாராயம் பாதி.

வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் ராணி கத்தரீனாவின் செருப்பிலிருந்து. இந்தக் கரையின் வருமானத்தில் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று 4,000 பணம் ஒதுக்கியிருந்தார்கள். சவேரியார் அதைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார். சொர்க்கத்துக்கு ஏற இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு மகாராணிக்குக் கிடைக்காது என்று அவருக்கே எழுதியும் வைத்தார். நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு அலையும் நம் பங்குச் சாமியார்கள் படிக்கவேண்டிய கடிதம்.

மாதாவின் சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து ‘சாந்த ஹெலேனா’ என்ற கப்பலில் வந்தது என்பது பாரம்பரியம். ஸ்பானியர் மணிலாவைப் பிடித்ததே 1571-இல்தான். பக்தி என்றைக்குக் காலண்டர் பார்த்தது? மாதா வந்தாள், அது போதும். 1582 ஆகஸ்ட் 5-இல் அவளுக்கென்று கட்டிய கோவிலில் முதல் பூசை நடந்தது.

உண்மையான பரீட்சை 1658-இல் வந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்த போர்த்துக்கீசியர் மூட்டை கட்டினார்கள். கணக்குப் பார்த்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. கப்பற்படைக்காகச் சேர்ந்த வேதம், கப்பற்படையைக் காணோம். புது முதலாளிகளின் வேதத்துக்கு மாறினால் சலாபத்திலும் சலுகை உண்டு. வியாபாரம் தெரிந்த யாரும் மாறியிருப்பார்கள். டச்சுப் போதகர் பால்தேயுஸ் நம்பிக்கையோடுதான் வந்தார்.

ஆனால் அவர் கொண்டுவந்த சரக்கைப் பாருங்கள். சுரூபம் கிடையாது. மெழுகுதிரி கிடையாது. புனிதர்கள் கிடையாது. சப்பரம் கிடையாது. வெறும் சுவர், நீளமான பிரசங்கம். வெடியும் கொட்டும் இல்லாத ஒரு சாமியை வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்காரன் என்ன செய்வான்? கோவில்களை டச்சுக்காரர் எடுத்துக்கொண்டார்கள். சனம் மாதாவை ஒளித்துவைத்தது. ஊருக்கு வெளியே தங்கியிருந்த சேசுசபைச் சாமியார்களைத் தேடிப் போய்ப் பூசை கண்டது. போதகருக்கு மரியாதையாக வணக்கம் சொன்னது, அவர் கோவிலுக்கு மட்டும் போகவில்லை. காதுக்காக வேதத்தில் சேர்ந்தவர்களின் வம்சம் இவர்கள். பேரத்தில் வந்த நம்பிக்கை எந்த நாளில் சொந்தமாகியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை, சேர்ந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. சவேரியாரின் மணியும் மாதாவின் முகமும் அதில் பெரும் பங்கு என்பது என் ஊகம். மீதி, வீம்பு.

கடைசியில் விட்டுக்கொடுத்தது டச்சுக்காரர்தான். 1707-இல் ஒரு ராத்திரி இடி விழுந்த இடத்தை மாதா காட்டிய இடமாக ஊரார் எடுத்துக்கொண்டார்கள். ரோமுக்குப் பனி, தூத்துக்குடிக்கு இடி. ஊருக்குத் தக்க அடையாளம். அங்கே எழுந்த இப்போதைய ஆலயம் 1713 ஆகஸ்ட் 5-இல் அர்ச்சிக்கப்பட்டது. சுரூபமே கூடாது என்று வந்தவர்கள் ஆண்டுகொண்டிருந்தபோதே சுரூபத்துக்குக் கோவில் எழும்பிவிட்டது.

பிறகு டச்சுக்காரரும் போனார்கள், இங்கிலீஷ்காரர் வந்தார்கள். 1806-இல் பரதவரின் சாதித்தலைவர் மாதாவுக்குத் தங்கத் தேர் செய்து ஓடவிட்டார். எதிரி இல்லாவிட்டால் நமக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவாவுக்குக் கட்டுப்பட்ட சாமியார்களும் ரோம் அனுப்பிய சாமியார்களும் இந்தக் கரையில் மோதிக்கொண்டார்கள். ஒரே மாதா, ஒரே செபமாலை, இரண்டு கட்சி. அந்த வில்லங்கம் இங்கே வேண்டாம். எழுதினால் இன்றைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள்.

1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டம் ஆனது. லத்தீன் முறையில் இந்தியரே ஆயராக வேண்டும் என்று ரோம் தேடிப் பிடித்து அமர்த்தியவர் திபூர்சியஸ் ரோச். பெயரைப் படித்தால் லிஸ்பன்காரர். ஆள் இந்தக் கரைப் பரதவர். ஞானஸ்நான நெருக்கடியில் அள்ளி வைத்த பெயர்கள் நானூறு வருஷம் கழித்து இப்படிப் பலன் கொடுத்தன.

1982-இல், முதல் பூசையின் நானூறாம் ஆண்டுக்கு, போப்பாண்டவர் கோவிலுக்குப் பசிலிக்கா பட்டம் கொடுத்தார். ஊருக்கு அது இன்னமும் பெரிய கோவில்தான். கொடியேறும்போது பழைய துறைமுகத்து இழுவைக் கப்பல்கள் சங்கு ஊதுகின்றன; பால் செம்பும் வாழைத்தாருமாக வருகிற கூட்டத்தில் யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பிரித்தறிய முடியாது. ஆகஸ்ட் 5 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஆனால் அரசாங்கமும் பேரம் தெரிந்ததுதான்: அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று கலெக்டரின் அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கும். அந்தச் சனிக்கிழமை ஆபீசில் எத்தனை பர்னாந்துகள் ஆஜர் என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிடக் கூடாது.